நூறு ரூபாயில் எவ்வளவு குழந்தைக்குப் போய்ச் சேருகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக ஆண்டுக்கு 60,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறீர்கள். இரண்டு தொண்டு நிறுவனங்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று, தன் நிர்வாகச் செலவு 4 சதவீதம்தான் என்று விளம்பரத்திலேயே அச்சிடுகிறது. இன்னொன்றின் ஆண்டறிக்கையில் அது 22 சதவீதம் என்று இருக்கிறது. முதல் நிறுவனத்துக்குக் கொடுப்பதுதானே நியாயம், இதைப் பற்றி ஆராய்ச்சிகள் ஏதாவது சொல்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இதைவிட ஆழமானது என்று நினைக்கிறேன். என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், எனக்கு முகம் தெரியாத ஒருவருக்காகச் செலவாகும் பணம் வீணாகவில்லை என்பதை நான் எதை வைத்து நம்புவது? நன்கொடை பற்றிய ஆராய்ச்சியில் கடந்த இருபது ஆண்டுகளில் ஏற்பட்ட பெரிய மாற்றம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறக்கட்டளைகள், சங்கங்கள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்து வருகிறேன். வவுச்சர், பேரேடு, வருமான - செலவுக் கணக்கு, இவைதாம் என் உலகம். பொருளாதார ஆய்வாளன் அல்லன். ஆனால் என் வேலையைத் தொடுகின்ற ஆய்வுகளை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆகவே ஒரு சதவீதம் எப்படி உருவாகிறது என்பதை என் கைப்பட்ட அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன். மனிதர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பதைப் படித்தவன் என்ற அளவில் மட்டுமே சொல்வேன்.

சதவீதத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு கிராமப்புறத் தொண்டு நிறுவனத்தில் ஒரு ஜீப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அது மாலை நேர வகுப்புகளுக்கான புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நான்கு ஊர்களுக்குப் போகிறது. மதியம் செயலாளரை வங்கிக்கு அழைத்துப் போகிறது. அன்றைய டீசல் திட்டச் செலவா, நிர்வாகச் செலவா? இரண்டும்தான். எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை அந்த நிறுவனத்தின் கணக்கர் முடிவு செய்கிறார். கள ஒருங்கிணைப்பாளர் பாதி நாள் ஊர்களிலும் பாதி நாள் அலுவலகத்தில் அறிக்கை எழுதுவதிலும் கழிக்கிறார். அவர் சம்பளத்துக்கும் இதே கதைதான். நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தில், இந்தப் பிரிப்பு முறையை ஓர் ஆண்டு மாற்றியதால் மட்டுமே நிர்வாகச் செலவு 19 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. ஊழியர்கள் அதே பேர், ஊர்கள் அதே ஊர்கள், குழந்தைகளின் எண்ணிக்கையிலும் மாற்றம் இல்லை. சட்டத்துக்குப் புறம்பாகவும் எதுவும் நடக்கவில்லை. பொருளாக வரும் நன்கொடை இன்னொரு வழி. இலவசமாகக் கிடைத்த மருந்துகளையும் துணிகளையும் சந்தை விலைக்கு மதிப்பிட்டு வரவிலும் திட்டச் செலவிலும் சேர்த்துவிட்டால், மொத்தம் பெருகி, நிர்வாகச் செலவின் பங்கு தானாகவே சுருங்கிப் போகும். அதனால்தான் அறிக்கையில் காணும் ஒற்றைச் சதவீதத்தை நான் எப்போதும் அதன் கீழுள்ள குறிப்புகளோடு சேர்த்தே படிக்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் படிவத்தில் திட்டச் செலவு, நிர்வாகச் செலவு, நிதி திரட்டும் செலவு மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும். அந்தப் படிவங்களை அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனமும் இந்தியானா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டன. தனியார் நன்கொடையாக 50,000 டாலரோ அதற்கு மேலோ பெற்ற நிறுவனங்களில் 37 சதவீதம், நிதி திரட்ட ஒரு டாலர்கூடச் செலவாகவில்லை என்று எழுதியிருந்தன. சுமார் 13 சதவீத நிறுவனங்கள் பொது நிர்வாகத்துக்குச் செலவே இல்லை என்று காட்டியிருந்தன. மேலும் துருவிப் பார்த்தபோது அவற்றில் மிகப் பெரும்பாலானவை தவறாக நிரப்பப்பட்டவை என்று தெரிந்தது. கடிதம் அச்சிடாமல், தபால் தலை ஒட்டாமல், ஒருவரையும் பார்க்கப் போகாமல் 50,000 டாலர் எப்படி வரும்? அந்தப் பூஜ்யங்கள் எல்லாவற்றையும் கெட்ட எண்ணத்தில் எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பவர்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்களோ அதை எழுதினார்கள்.

கொடுப்பவர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. யூரி நீஸி முதலிய ஆய்வாளர்கள் மூவர் செய்து 2014இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. கல்விப் பணி ஒன்றுக்காக 40,000 பேருக்குக் கடிதம் அனுப்பினார்கள்; நான்கு பிரிவு, பிரிவுக்கு 10,000 பேர். முதல் பிரிவுக்கு வெறும் வேண்டுகோள். இரண்டாவது பிரிவுக்கு, ஒரு கொடையாளர் ஏற்கெனவே 10,000 டாலர் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி. மூன்றாவதுக்கு, நீங்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் அவர் ஒரு டாலர் தருவார் என்ற உறுதி. நான்காவதுக்கு, அந்த 10,000 டாலர் நிர்வாகச் செலவை எல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டது, உங்கள் பணம் முழுவதும் பணிக்கே போகும் என்ற வாக்கு. நான்கிலும் தேவை ஒன்றே, நிறுவனம் ஒன்றே. வெறும் வேண்டுகோளுக்குச் சுமார் 8,000 டாலர் வந்தது. இடையிலுள்ள இரண்டுக்கும் 12,000, 13,000 டாலர் அளவில் வந்தது. நான்காவது பிரிவு 23,000 டாலரைத் தாண்டியது. மொத்தமாகப் பார்த்தால் நிர்வாகச் செலவு எங்கேயும் மறைந்துவிடவில்லை; வேறொருவர் சட்டைப் பையிலிருந்து போனது, அவ்வளவுதான். ஆனாலும் தன் பணம் அதற்குப் போகவில்லை என்ற நிம்மதி மனிதர்களைக் கொடுக்க வைத்தது.

இந்த மனநிலையை நாம் கோயில் அன்னதானத்தில் பார்க்கலாம். ஒரு மூட்டை அரிசி என் பெயரில் என்று எழுதிக்கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எண்ணெய்க்கும் பருப்புக்கும் ஆள் கிடைப்பார்கள். எச்சில் இலை எடுப்பவருக்கும் அண்டா துலக்கும் அம்மாவுக்கும் சம்பளம் என் பெயரில் என்று எழுதச் சொல்லி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நம் பழைய அறக்கொடைகள் இப்படி இருக்கவில்லை என்பது என்னை மிகவும் ஈர்த்த செய்தி. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டுமென்றால் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடாகிற ஆட்டையும் சாகிற ஆட்டையும் குட்டிகளைக் கொண்டு ஈடு செய்து மந்தையின் எண்ணிக்கையைக் காக்க வேண்டும். அதனால் அதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். விளக்கைக் கொடுத்தவர், விளக்கை எரிய வைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் ஏற்படுத்திய பணியாளர் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் ஆடுபவர்கள், பாடுபவர்களோடு கணக்கர்கள், கீழ்க்கணக்கர்கள், விளக்கேற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் வரை ஒவ்வொருவருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்கருக்கும் பங்கு வைத்தார்கள் என்பதை ஒரு கணக்குக்காரனாக நான் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஆய்வுக்குத் திரும்புகிறேன். கொடுப்பவர்கள் குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார்கள். நிறுவனங்கள் அதைக் காட்டுவதற்காகக் கணக்கருக்கும் பயிற்சிக்கும் கணினிக்கும் செலவிடுவதைக் குறைக்கின்றன. குறைத்துக் காட்டியதைப் பார்த்துக் கொடுப்பவர்களின் எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. 2009இல் ஆன் கிரெகரி, டான் ஹாவர்ட் என்ற இருவர் இதைப் ‘பட்டினிச் சுழற்சி’ என்று பெயரிட்டு எழுதினார்கள். 2013இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தகவல் தரும் மூன்று பெரிய அமைப்புகளான கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகியவற்றின் தலைவர்கள் சேர்ந்து கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிர்வாகச் செலவின் சதவீதம் ஒரு நிறுவனத்தின் திறனை அளக்க உதவாத அளவுகோல் என்பது அதன் சாரம். அந்தச் சதவீதத்தைப் பல ஆண்டுகள் மதிப்பெண்ணுக்கு அடிப்படையாக வைத்திருந்தவர்களும் சேர்ந்து இப்படி எழுதியது சிறிய விஷயம் அன்று. இந்தியாவில் பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனைக் குழு தொண்டு நிறுவனங்களின் உள்கணக்கை ஆராய்ந்தபோது, மறைமுகச் செலவு, அதாவது நிர்வாகம் போன்ற பொதுச் செலவு, 5 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் வரை பரவிக் கிடந்தது. நடுமதிப்பு 19 சதவீதம். மருத்துவமனை நடத்துவதும் சட்ட உதவி செய்வதும் ஆய்வு செய்வதும் வெவ்வேறு வேலைகள். எல்லாவற்றுக்கும் ஒரே கோடு கிழிக்க முடியாது என்பதற்கு இந்தப் பரவலே போதுமான சான்று.

நம் சட்டங்களும் கோடு கிழித்திருக்கின்றன என்பதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், அந்தப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 50 சதவீதமாக இருந்தது. 2020 திருத்தத்தில் 20 சதவீதமாகக் குறைந்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) வேறு கதை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கடந்த மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் விதிகளில் நிர்வாக மேற்செலவுக்கு 5 சதவீத வரம்பு உண்டு. அது அந்தக் கம்பெனி தன் சொந்த நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கான வரம்பு. பணியைச் செய்யும் தொண்டு நிறுவனத்துக்கான வரம்பு என்று பலர் தவறாகப் படித்துவிட்டு, உங்களுக்கு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்று சிறிய நிறுவனங்களிடம் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த நிறுவனங்களும் பயந்து ஒப்புக்கொண்டு, வாடகையை வேறு தலைப்பில் எழுத வழி தேடுகின்றன. நேர்மையாக வேலை செய்பவர்களைக் கணக்கை வளைக்கத் தூண்டுகிற நிலை இது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, சதவீதத்தை விட்டுவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? ஒரு ரூபாய்க்கு என்ன மாற்றம் நடந்தது என்று அளக்கலாம் என்பதுதான் 2000க்குப் பிறகு வலுப்பெற்ற ஆராய்ச்சிப் போக்கு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003இல் தொடங்கிய ஜே-பால் ஆய்வு மையம் இதில் முன்னோடி. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019இல் பொருளாதார நோபல் பெற்றது இந்த வழிமுறைக்காகத்தான். மருந்தைச் சோதிப்பதுபோல, சில ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் திட்டத்தைச் செயல்படுத்தி, மற்ற ஊர்களோடு ஒப்பிடுகிறார்கள்.

இதில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசி அங்கே இலவசம்தான். ஆனாலும் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. சில ஊர்களில் மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்தினார்கள். வேறு சில ஊர்களில் அதே முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் உலோகத் தட்டுகளும் கொடுத்தார்கள். எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். முகாம் நடந்த ஊர்களில் 18 சதவீதம். பருப்பும் கொடுத்த ஊர்களில் 39 சதவீதம். நீங்களும் நானும் மேலோட்டமாகப் பார்த்தால், இலவச ஊசிக்குப் பருப்பு எதற்கு, வீண் செலவு என்றுதான் சொல்வோம். கணக்கு வேறு மாதிரி வந்தது. பருப்பு இல்லாத முகாமில் ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட 2,202 ரூபாய் ஆனது. பருப்பு கொடுத்த முகாமில் 1,102 ரூபாய். காரணம் எளியது. ஒரு குழந்தை வந்தாலும் இருபது குழந்தைகள் வந்தாலும் செவிலியர் அந்த நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சம்பளமும் பயணச் செலவும் மாறாது. கூட்டம் கூடியதால் அந்தச் செலவு பல குழந்தைகளுக்குப் பகிர்ந்து போனது. இந்த இரண்டு முகாம்களின் நிர்வாகச் செலவுச் சதவீதத்தை மட்டும் உங்களிடம் நீட்டியிருந்தால் இந்த உண்மையின் நிழல்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கல்வியில் நம் மாநிலத்திலேயே அளந்து பார்த்த ஒன்று உண்டு. அரசுத் திட்டம் என்றாலும் தன்னார்வலர்களை நம்பி நடந்தது என்பதால் இங்கே பொருந்துகிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யைத்தான் சொல்கிறேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். தமிழக ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் நடந்தது என்றும் கணித்தது. மாலை நேர வகுப்புக்கு நீங்கள் பணம் கொடுக்க நினைத்தால், அது பலன் தரக்கூடிய வழி என்பதற்கு இது நல்ல ஆதாரம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் அதை நன்றாகச் செய்கிறதா என்பது தனிக் கேள்வி.

இந்த அளவீட்டு முறையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். அளக்கக்கூடியவற்றையே அது அளக்கிறது. ஊசி எண்ணிக்கையை அளப்பது எளிது. சாதிக் கொடுமைக்கு எதிராகப் பத்தாண்டுகள் நடக்கும் ஒரு வழக்கின் பலனையோ, ஒரு பெண்கள் சங்கம் ஊருக்குள் கொண்டுவரும் துணிச்சலையோ குலுக்கல் சோதனையில் பிடிப்பது மிகக் கடினம். ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. மறுபக்கம், நல்லது என்று உலகமே நம்பியதை இது அடக்கமாக நிறுத்தியும் வைத்திருக்கிறது. நுண்கடன் வறுமையை ஒழித்துவிடும் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். இந்தியாவில் ஹைதராபாத் உட்பட, ஆறு நாடுகளில் நடந்த ஆறு சோதனைகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சில குடும்பங்களுக்குச் சில நன்மைகள் உண்டு, சராசரியாக வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்று அவை காட்டின.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கைபேசிக்குத் தினமும் வந்துகொண்டிருக்கும். ஒரு குழந்தையின் படத்தையும் பெயரையும் காட்டினால் புள்ளிவிவரத்தைவிட அதிகம் கொடுப்போம் என்ற கருத்து மிகவும் பரவலானது. 2007இல் டெபோரா ஸ்மால் முதலியோர் வெளியிட்ட சோதனை இதற்கு அடிக்கடி காட்டப்படுகிறது. ரோக்கியா என்ற சிறுமியின் கதையைப் படித்தவர்கள் கையிலிருந்த 5 டாலரில் சராசரியாக 2.38 கொடுத்தார்கள், பஞ்சத்தின் எண்களைப் படித்தவர்கள் 1.14 மட்டுமே. நிதி திரட்டும் பயிற்சிகளில் இதை வேதம்போல் சொல்வார்கள். ஆனால் 2016இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது இந்த விளைவு மிகச் சிறியது என்று தெரிந்தது. 2023இல் அதே சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்தவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. இதை நான் ஐயத்துக்குரிய பட்டியலில் வைக்கிறேன். உங்கள் நன்கொடை இரட்டிப்பாகும் என்ற அறிவிப்பு சற்று உறுதியான தளத்தில் நிற்கிறது: டீன் கார்லன், ஜான் லிஸ்ட் 2007இல் வெளியிட்ட சோதனையில் 50,000 பேருக்குக் கடிதம் போனது, ஈட்டுத் தொகை (நீங்கள் தருவதற்கு ஈடாக இன்னொருவர் தருவது) உண்டு என்றபோது வரவு 19 சதவீதம் கூடியது, ஆனால் அந்த ஈட்டை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உயர்த்தி ஆசை காட்டியது கூடுதலாக எதையும் கொண்டுவரவில்லை. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கொடையாளர்களிடம் செய்யப்பட்டவை. நம் மக்களும் அப்படியே நடந்துகொள்வார்கள் என்று அவற்றை வைத்து முடிவு கட்டக் கூடாது.

நம் மக்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்ற ஆய்வு இப்போதுதான் வேர்விடுகிறது. அசோகா பல்கலைக்கழகத்தின் சமூகத் தாக்கம் மற்றும் அறக்கொடை மையம் 2020-21க்காக நடத்திய ஆய்வில், இந்தியக் குடும்பங்கள் ஓராண்டில் கொடுத்தது ஏறத்தாழ 23,700 கோடி ரூபாய் என்று கணித்தார்கள். அதில் பெரும்பங்கு சமய அமைப்புகளுக்கும், அடுத்தது கையேந்துபவர்களுக்கும் போனது. உங்கள் பட்டியலில் உள்ளவை போன்ற, சமயம் சாராத அமைப்புகளுக்குப் போனது சுமார் 5 சதவீதமே. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் முன்பு எடுத்த கணக்கெடுப்பில் பதிவேடுகளில் இருந்த அமைப்புகள் 31 லட்சத்துக்கும் மேல். நேரில் தேடிப் போய்க் கண்டுபிடிக்க முடிந்தவை 7 லட்சத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் வேறு விதமான கவலை. அங்கே கொடுக்கும் மொத்தத் தொகை பெருகிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2000இல் மூன்றில் இரண்டு குடும்பங்கள் கொடுத்தன, 2018இல் பாதிக்கும் சற்றுக் குறைவான குடும்பங்களே கொடுத்தன. கொடை மெல்ல மெல்லப் பெரும் பணக்காரர்களின் கைக்குள் சுருங்குகிறது. உங்களைப் போன்றவர்களின் 60,000 ரூபாயை நான் பெரிதாக மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிர்வாகச் செலவைப் பார்க்கவே வேண்டாமா என்றால், விளிம்புகளில் பார்க்க வேண்டும். 2013இல் டாம்பா பே டைம்ஸ் நாளிதழும் புலனாய்வுச் செய்தி மையம் ஒன்றும் சேர்ந்து அமெரிக்காவின் மிக மோசமான 50 தொண்டு அமைப்புகளைப் பட்டியலிட்டன. அவை பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலரைத் தொலைபேசியில் நிதி திரட்டித் தரும் வணிக நிறுவனங்களுக்கே கொடுத்திருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் சதவீதம் உண்மையைப் பேசும். ஆகவே பாதிக்கு மேல் நிதி திரட்டுவதற்கே போகிறது என்றால் விலகிவிடுங்கள். 4க்கும் 22க்கும் இடையிலுள்ள வேறுபாடு என் அனுபவத்தில் நேர்மையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பெரும்பாலும் கணக்கு எழுதும் முறையைப் பற்றித்தான் சொல்கிறது.

இப்போது உங்கள் இரண்டு நிறுவனங்களுக்கு வருகிறேன். இருவரிடமும் கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கறிக்கையைக் கேளுங்கள். குறிப்புகளோடு சேர்த்துக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வரிவிலக்குப் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை வருமான வரித்துறைத் தளத்திலேயே பார்க்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், 80ஜி என்று அழைக்கப்படும் நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கழிவே கிடையாது. பிறகு, குழந்தைகள் ஆண்டுத் தொடக்கத்தில் எந்த நிலையில் இருந்தார்கள், முடிவில் எங்கே வந்தார்கள், இதை யார் சோதித்தது என்று கேளுங்கள். சென்ற ஆண்டு எது சரியாக வரவில்லை, அதனால் எதை மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். நன்றாக வேலை செய்பவர்கள் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வார்கள். அவர்கள் மனத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தால் ஒரு மாலை வகுப்பு நடக்கும் ஊருக்கு நேரில் போய் வாருங்கள்.

பணத்தை எந்தத் தலைப்பில் கொடுப்பது என்பதிலும் ஒரு யோசனை. அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்ஸி ஸ்காட் 2020 முதல் பெரும் தொகைகளை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்து வருகிறார். அவற்றைப் பெற்ற நிறுவனங்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஆய்வுகள், அவை நிதிநிலையில் வலுப்பெற்றதாகச் சொல்கின்றன. பெற்றவர்களே சொன்ன பதில் என்பதால் அதை அந்த அளவுக்கு மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தணிக்கை மேசையில் நான் பார்ப்பதும் அதுவே: சம்பளம் மூன்று மாதம் தள்ளிப்போன நிறுவனத்தில் நல்ல ஆசிரியர் தங்குவதில்லை. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்கு மாதம் 5,000 ரூபாயாக, பொதுச் செலவுக்கு என்று எழுதி, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கொடுங்கள் என்பேன்.

இரண்டில் எது என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது. 4 சதவீதம் என்று அச்சிட்டவர்களிடம் மட்டும் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் கணக்கருக்கும் அலுவலக வாடகைக்கும் யார் பணம் தருகிறார்கள்? ஒரு கொடையாளர் அதைத் தனியாக ஏற்றிருக்கிறார் என்றால் அது நல்ல பதில். திட்டச் செலவில் சேர்த்திருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னாலும் நல்ல பதில்தான். அவர்கள் சொல்வதையும் இரண்டு கணக்கறிக்கைகளையும் அனுப்பிவையுங்கள். குறிப்புகளை நான் படித்துவிட்டு எழுதுகிறேன்.